ஸ்டீரியோ பெட்டியும் பாதியில் நின்ற சட்னியும்

கல்யாணத்தை நிறுத்தியவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் நிறுத்தியது சட்னியை. கூடவே மைக், நான்கு ஃபேன், மணப்பெண்ணின் பாட்டு என்று இன்னும் சிலவும் நின்றன. ஆனாலும் கல்வராயன் மலையில் ஒரு ஊர் இன்றைக்கும் என்னை "சட்னிய நிறுத்துனவரு" என்றுதான் அடையாளம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சின்ன சுவிட்ச். சுண்டுவிரல் நகத்தால் தள்ளியிருந்தால் போதும். தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை என்பதை மானத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் பில் போடும் வேலை. அதற்கு முன்பு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருந்தேன். மூன்று வருடப் படிப்பு. நான் ஐந்து வருடம் படித்தேன். (அவ்வளவு ஆழமாகப் படித்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.) வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால் அம்மா என்னைக் கூப்பிடாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அதிலிருந்தே என் திறமையை அளந்துகொள்ளலாம்.

இதற்கு மேல் எனக்கு கிட்டார் வேறு வாசிக்கத் தெரியும். தெரியும் என்றால், நான்கு கார்டு, அதாவது நான்கு சுரக்கட்டு, தெரியும். அந்த நான்கையும் சத்தமாக வாசித்தால் எட்டு மாதிரி தெரியும் என்பது என் நம்பிக்கை. அதனால் கிட்டாரைவிட ஆம்ப்ளிஃபயர் மேல்தான் எனக்குக் காதல். ஒன்று வாங்கியும் வைத்திருந்தேன். ஸ்பீக்கர் இல்லாத, வெறும் தலை மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயர். ஒரே ஒரு வழியாகச் சத்தத்தை வெளியே அனுப்பும் மோனோ வகை.

ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தவன் கோவிந்தன். வெள்ளிமலைக்கு அப்பால் அவன் ஊர். வீட்டில் சாமையும் மரவள்ளியும் விவசாயம். டிராக்டர் வாசலில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கோமதி, பக்கத்து மலை ஊர், நர்ஸுக்குப் படித்தவர். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் கோவிந்தன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

"சேகரு, ஒரு சிக்கலு."

"நகை ஜாஸ்தி கேக்கறாங்களா?"

"நகைல்லாம் ஒண்ணும் வேணாம்னுட்டா. கல்யாணத்தன்னிக்கி மேடையில ஒரு பாட்டு பாடணுமாம். அவளே கட்டுன பாட்டு. காலேஜில ரெண்டு தபா பேரு குடுத்து ரெண்டு தபாவும் நேரமில்லன்னு வுட்டுட்டாங்களாம். 'என் கல்யாணத்துலயாவது என்ன யாரும் வேணாம்னு சொல்லக் கூடாது'ன்னா. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. கிட்டாரு வெச்சே பாடலாம், எங்க ஆளு ஒருத்தரு இருக்காருன்னு சொல்லிட்டேன்."

"யாரு?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை என்னை யாரும் 'எங்க ஆளு' என்று எந்தக் காரியத்துக்கும் சொன்னதில்லை.

கோமதி தன் பாட்டை ஃபோனில் பதிவு செய்து அனுப்பினார். அவர் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸைப் பற்றிய பாட்டு அது. களை எடுக்கும்போது பெண்கள் பாடும் மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, சொற்களை அவரே போட்டிருந்தார்.

'வருது வருதுன்னு வழி பாத்தேன் – அது
வளைவுக்கு வளைவு நின்னு வந்துச்சாம்.'

குரல் கூர்மையாக, கொஞ்சம் குறும்பாக இருந்தது. என் நான்கு கார்டில் மூன்றே போதும். ஒன்று மிச்சமே இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் திறந்தவெளிப் பந்தல், மலைக்காற்று, முந்நூறு பேர். இதற்கு என்னிடம் இருந்த சின்ன ஸ்பீக்கர் பத்தாது என்று முடிவு செய்தேன். இணையத்தில் விளம்பரம் பார்த்து, சென்னையிலிருந்து பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த பெட்டி. ஸ்டீரியோ! அந்தச் சொல்லுக்காகவே வாங்கினேன்.

லாரி பார்சலில் உளுந்தூர்பேட்டை வரைதான் வந்தது. போய் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினேன். சாக்கு சுற்றிய பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் கண்டக்டர்.

"இன்னாங்க இது, கோழிக் கூண்டா?"

"ஸ்டீரியோ கேபினட்."

"ஸ்டீரியோவா? அப்ப ரெண்டு டிக்கெட் எடு."

கூடைக்காரப் பெண் ஒருவர் உட்கார இடமில்லாமல் அதன் மேலேயே தியாகதுருகம் வரை உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது "நல்லா கெட்டியா கீதுப்பா பொட்டி" என்று சான்றிதழ் கொடுத்தார். என்னிடம் இருந்த காலத்தில் அந்தப் பெட்டியால் ஒருவருக்கு நன்மை நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டில் வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒயரின் பின்னைச் செருக இரண்டு ஓட்டைகள். ஒன்று இடது, ஒன்று வலது. நடுவில் அந்தச் சுவிட்ச். ஒரு பக்கம் 'ஸ்டீரியோ' என்றும் மறுபக்கம் 'மோனோ' என்றும் எழுதியிருந்தது. என் ஆம்ப்ளிஃபயரில் வெளியே போகும் ஓட்டை ஒன்றுதான். அதிலிருந்து ஒயரை எடுத்து இடது ஓட்டையில் செருகி ஒரு தட்டு தட்டினேன். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடியது. மற்றது தூங்கியது.

சுவிட்சை மோனோவுக்குத் தள்ளினால், ஆம்ப்ளிஃபயருக்குப் பாரம் கூடாமல், அந்த ஒரே ஒயரில் இரண்டும் பாடும். பெட்டி செய்தவன் அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறான். அதுதான் சரியான வழி, அது மட்டும்தான் வழி. ஆனால் என் மூளை வேறு மாதிரி போயிற்று. உளுந்தூர்பேட்டை வரை போய், இரண்டு டிக்கெட் எடுத்து, ஸ்டீரியோவைச் சுமந்துகொண்டு வந்தவன் மோனோவுக்குத் தள்ளுவதா? ஏசி பெட்டியில் டிக்கெட் எடுத்துவிட்டு, வாசல் படியில் தொங்கிக்கொண்டு போவதா? முடியாது. என் டிப்ளமா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நானே ஒரு ஒயர் தயார் செய்தேன். ஒரு முனையில் ஒரு பின். நடுவில் பிரிந்து மறு முனையில் இரண்டு பின். கவட்டை மாதிரி. ஆம்ப்ளிஃபயரில் ஒன்றைச் செருகிவிட்டு, பெட்டியில் இரண்டு ஓட்டையிலும் இரண்டைச் செருக வேண்டியது. ஈயத்தை உருக்கி நானே பற்றவைத்தேன். மெல்லிய ஒயர்தான் வீட்டில் இருந்தது. ஒன்றில் ஒயரைத் தலைகீழாகப் பற்றவைத்ததும் எனக்குத் தெரியாது. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட விஷயம்.

தங்கை வாணியைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு நேராக உட்காரவைத்து வாசித்தேன்.

"எப்படி?"

அவள் தலையை இடது பக்கம் சாய்த்தாள். அப்புறம் வலது பக்கம். "அண்ணா, இப்படித் திரும்புனா கேக்குது. நேரா உக்காந்தா சொரத்தே இல்ல. டப்பாக்குள்ள தகரத்த போட்டு உருட்டுற மாரி இருக்குது."

"அதான் ஸ்டீரியோ."

"பழசு நல்லா இருந்துச்சே?"

"பழசு மோனோ. உனக்குப் பழகணும்."

(வாணி இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். மாணவர்களுக்கு இந்தக் கதையை உதாரணமாகச் சொல்வதாகக் கேள்வி. என் பெயரை மறைத்துச் சொல்வதாகச் சத்தியம் செய்கிறாள். நான் நம்பவில்லை.)

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் குட்டியானை லோடு வண்டி ஒன்றில் மைக் செட், ஜெனரேட்டர், ஃபேன் எல்லாம் மலைக்குக் கிளம்பின. பெட்டியோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பெட்டி என் மேல் சாய்வதும் நான் பெட்டி மேல் சாய்வதுமாக நாங்கள் நெருங்கிப் பழகினோம்.

மைக் செட்காரன் பாஷா. என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு அவன் அத்தாவோடு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான்) மைக் செட் தொழிலுக்கு வந்துவிட்டான். நான் மேலே படித்தவன் என்ற நினைப்பு எனக்கு ஒரு வளைவில்கூடக் குறையவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் விடிந்ததும் பந்தலில் பெட்டியை வைத்து ஒத்திகை பார்த்தேன். பாஷா கையில் டீயோடு வந்து நின்றான்.

"டேய், உன் கிட்டார என் மைக் மிக்ஸர்லயே சொருகிடேன். பாட்டும் அதும் ஒண்ணா வரும். இன்னாத்துக்கு இந்தப் பொட்டி?"

"இது கிட்டாருக்குன்னே செஞ்சதுடா. ஸ்டீரியோ."

அவன் பின்பக்கம் குனிந்து பார்த்தான். கவட்டை ஒயரைத் தூக்கிப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான்.

"இது இன்னாத்துக்கு?"

"அது மோனோ. சும்மா வெச்சிருக்கான்."

"உன் ஆம்ப்ளிஃபயரு இன்னா?"

நான் ஒயரைச் சரி செய்வது போலக் குனிந்தேன்.

"அதும் மோனோதான? அப்ப இத இந்தாண்ட தள்ளிட்டு ஒரே ஒயரு குடுத்தா போதுமே."

"உனக்குப் புரியாது, வுடு பாஷா."

அவன் டீயைக் குடித்து முடித்தான். அந்த முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கோபமே இல்லை. பத்து வருடமாக இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுப் பழகிய முகம். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

'டப்' என்று ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் போயிற்று.

"பாத்தியா, ஃபியூஸு சும்மா போவாது. பாரம் ஜாஸ்தின்னு சொல்லுது" என்றான் பாஷா. "ஒரு மோட்டார்ல ரெண்டு கழனிக்கும் ஒரே நேரத்துல வாய்க்கால தெறந்து வுட்டா மாரி பண்ணி வெச்சிக்கீற. மோட்டாரு காஞ்சிடும்."

வேறு ஃபியூஸ் என்னிடம் இல்லை. அந்த மலையில் எங்கேயும் கிடைக்காது. பாஷாவிடம் கேட்டால் அவன் சொன்னபடி செய்ய வேண்டியிருக்கும். அவன் ஜெனரேட்டர் பக்கம் போன நேரமாகப் பார்த்து, ஒரு பழைய ஒயரை உரித்து நான்கு செம்புக் கம்பிகளை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். கூரை ஒழுகுகிறது என்று கூரையையே கழற்றிப் போட்ட மாதிரிதான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் உயிரோடு வந்தது. விளக்கு எரிந்தது. நான் பெருமையாகச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

தாலி கட்டி முடிந்தபோது மணி எட்டு. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. சமையல் பக்கம் இரண்டாவது பந்திக்கான தேங்காய்ச் சட்னி கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர்தான் எல்லாவற்றுக்கும் உயிர். மாலையும் கழுத்துமாக கோமதி எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். மைக்கைப் பிடித்த கையில் வளையல்கள் உரசிச் சத்தம் போட்டன. முன்வரிசையில் அவர் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்த ஏற்பாட்டில் இஷ்டமில்லை என்று கோவிந்தன் ஏற்கனவே சொல்லியிருந்தான்.

"எங்க ஊர் பஸ்ஸ பத்தி ஒரு பாட்டுங்க" என்றார் கோமதி. குரல் உள்ளே போயிருந்தது. என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

நான் முதல் கார்டை அடித்தேன். மலைக்கே கேட்டது. பந்தல் துணி உப்பியது. பூவைத் தேடி வந்த தேனீக்கள் கலைந்தன. (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் ஒரு சேவல் பந்தல் கம்பத்திலிருந்து குதித்து ஓடியது நிஜம்.) கோமதி பாட ஆரம்பித்தார். முதல் வரியில் நடுங்கிய குரல் இரண்டாவது வரியில் நிமிர்ந்துவிட்டது. சனம் சிரித்தது. அவர் அப்பாவின் கட்டிய கை ஒன்று தளர்ந்தது. எனக்கு சந்தோஷம் தாங்காமல் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

அப்போது ஏதோ கருகும் வாடை வந்தது. சமையலில் வெங்காயம் தீய்கிறது என்று நினைத்தேன். சமையல்காரரும் அப்படியே நினைத்து வடைச் சட்டியை எட்டிப் பார்த்தாராம். மேடையில் கோவிந்தன் என்னைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினான். இஞ்சின் வாடையை ஆறடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவன் அல்லவா? "வேண்டாம், நிறுத்து" என்று ஆட்டியிருக்கிறான். நான் ரசித்து ஆட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு நானும் ஆட்டினேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெள்ளையாக ஒரு புகை சுருள் சுருளாக எழும்பி மணமக்கள் பக்கம் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், சாம்பிராணி போடுகிறார்கள் என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்து அடுத்த இருவரும் கும்பிட்டார்கள். நான் அதையும் எனக்கான மரியாதையாகவே ஏற்றுக்கொண்டேன்.

பிறகு 'டொப்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஜெனரேட்டர் பக்கம் 'டக்' என்று இன்னொன்று.

எல்லாம் நின்றது. ஃபேன் நின்றது. மைக் செத்தது. கிரைண்டர் ஒரு சுற்று உறுமி அடங்கியது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது. அந்த அமைதியில் கேட்டது ஒன்றே ஒன்று: கரண்டு போனது தெரியாமல் நான் வாசித்துக்கொண்டிருந்த கிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரின் உண்மையான குரல் எப்படி இருக்கும் தெரியுமா? சீப்பின் பல்லை நகத்தால் வருடுவது மாதிரி இருக்கும். அதுவும் முந்நூறு பேர் முன்னால்.

"தீ! தீ!" என்று யாரோ கத்தினார்கள். பாஷா "தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் அதை நன்றாகக் காதில் வாங்கி, தண்ணீரைத் தொடாமல், பக்கத்தில் இருந்த மோர் வாளியைத் தூக்கி ஆம்ப்ளிஃபயர் மேல் கவிழ்த்துவிட்டார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கறிவேப்பிலையும் இஞ்சியும் என் சட்டையிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டன. கவட்டை ஒயரைப் பிடுங்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். அது உருகி ஓட்டையோடு ஒட்டியிருந்தது.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பந்தலே சிரித்தது. நானும் சிரிக்கலாம் என்றுதான் பார்த்தேன். அப்போதுதான் கோமதி கண்ணில் பட்டார். வேலை செய்யாத மைக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். இரண்டாவது சரணத்தின் முதல் சொல் உதட்டில் நின்றுபோயிருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, ஆனால் விழவில்லை. அவர் அப்பா மறுபடி கையைக் கட்டிக்கொண்டு, "போதும்மா, வந்து உக்காரு" என்றார்.

எனக்கு அந்த மேடைப் பலகை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. மூன்றாவது தடவை. காலேஜில் இரண்டு தடவை நேரமில்லை என்றார்கள். மூன்றாவது தடவை ஒரு டிப்ளமாக்காரன் மோனோவுக்குத் தள்ள மாட்டேன் என்று நின்றுகொண்டான்.

"தங்கச்சி..." என்று ஆரம்பித்தேன். மூக்கிலிருந்து மோர் சொட்டியது.

கோமதி மைக்கைக் கீழே வைத்தார். "பாதில எப்டிப்பா உக்கார்றது? பஸ்ஸு இன்னும் ஊரு வந்து சேரலியே" என்றார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். பந்தலின் நடுவில், பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றார். விட்ட இடத்திலிருந்து பாடினார்.

'ஏறி உக்காந்தா எறங்க மனசில்ல – என்
ஊரே அதுக்குள்ள உக்காந்திருந்துச்சாம்.'

மைக் இல்லாத குரல் முதலில் முன் நான்கு வரிசைக்குத்தான் போயிற்று. சனம் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தது. மெட்டு எல்லோருக்கும் தெரிந்த களையெடுப்பு மெட்டு என்பதால் பெண்கள் 'வந்துச்சாம் வந்துச்சாம்' என்று கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பேர் முப்பதானார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியும் எச்சில் கையோடு திரும்பி உட்கார்ந்தது.

இதற்கு நடுவில் சமையல்காரர் கரண்டியோடு ஜெனரேட்டர் பக்கம் ஓடினார். எனக்கு அங்கே நடந்தது நன்றாகத் தெரிந்தது.

"யோவ் பாஷா, கரண்ட வுடுய்யா! சட்னி பாதி அரைஞ்சி நிக்குது. ரெண்டாவது பந்திக்கு இன்னாத்த வெக்கிறது?"

பாஷா ஏற்கனவே எல்லாவற்றையும் சரி செய்துவிட்டிருந்தான். என் ஆம்ப்ளிஃபயரின் ஒயரைப் பிடுங்கித் தூரப் போட்டிருந்தான். ஜெனரேட்டரின் கயிறு அவன் கையில் தயாராக இருந்தது. ஒரு இழு இழுத்தால் போதும்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

"இன்னா கொஞ்சம் இரு? மாப்ள வூட்டு சனம் காத்துக்கினு கீது!"

"இத ஓட்டுனா மைக் இல்லாம பாடுற அந்தப் பொண்ணு கொரலு கேக்காதுண்ணே. பாட்டு முடியட்டும்."

சமையல்காரர் இன்னும் ஏதோ கத்த வாயைத் திறந்தார். பாட்டில் பஸ் கண்டக்டர், 'எடமிருக்கு எடமிருக்கு' என்று ஆடு, கோழி, பலாப்பழம், பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

நான் இன்னும் மேடையிலேயே நின்றிருந்தேன். கோமதி பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை அசைத்து, 'வாங்க' என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருமில்லை. என்னைத்தான்.

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்று, எதிலும் செருகாத கிட்டாரை வாசித்தேன். யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை. அதனால் தவறும் வெளியே தெரியவில்லை. பாட்டில் பஸ் ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது பந்தலில் கிளம்பிய சத்தத்துக்கு என் பெட்டி இரண்டு வைத்தாலும் ஈடாகாது. கோமதியின் அப்பா எழுந்து நின்றார். கட்டிய கையை எப்போது அவிழ்த்தார் என்று நான் பார்க்கவில்லை. மகளின் மாலையைச் சரி செய்வது போல எதையோ செய்துகொண்டு, மூக்கை உறிஞ்சினார்.

அதற்குப் பிறகுதான் பாஷா கயிற்றை இழுத்தான்.

சட்னி அதற்குள் கெட்டுவிடவில்லை. ஆனால் தாமதமாயிற்று. பாட்டைக் கேட்டுவிட்டு இரண்டாவது பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் ஒரு வரிசை, சட்னி வருவதற்குள் சாம்பாரோடு இட்லியை முடித்துவிட்டது. அந்த வரிசைதான் என் பெயரை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் பாஷாவிடம் போனேன். அவன் என் பெட்டியில் வழிந்த மோரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாஷா, காலைல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா."

"எப்டி?"

"உனக்குப் புரியாதுன்னு."

"ஓ, அதா." துணியைப் பிழிந்தான். "சரி, இங்க வா."

உருகிய ஒயரைப் பிய்த்து எடுத்தான். தன்னிடம் இருந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை எடுத்து வைத்தான். ஒரே ஒரு தடித்த ஒயரை இடது ஓட்டையில் செருகினான். சுண்டுவிரல் நகத்தால் சுவிட்சைத் தள்ளினான். 'டிக்.'

"இப்ப வாசி."

வாசித்தேன். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாகப் பேசின. சத்தம் தகரம் மாதிரி இல்லை. நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நேராக நின்றாலும் கேட்டது. தலையைச் சாய்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான்."

அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பித்தான். எட்டாம் வகுப்பில் என் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பெட்டியை அவனுக்கே கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டான். மோர் வாடை போக ஒரு மாதம் ஆயிற்று என்றான்.

கிளம்பும்போது கோமதியிடம் மன்னிப்பு கேட்டேன். கேட்டேன் என்றால், பெரிதாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணா, பாட்டு நின்னதக்கூட மன்னிச்சிருவேன். இவரோட பெரிய அத்த சட்னி இல்லாம நாலு இட்லி துன்னிருக்குது. அதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

கோவிந்தன் தன் கல்யாணப் பட்டு வேட்டியிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போதும் அதே ஊரில், வேறு கடையில் பில் போடுகிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடம் ரிஷிவந்தியம். அங்கே பெண்ணின் சித்தப்பா ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, மலையில ஒரு கல்யாணத்துல மோரு ஊத்துனாங்களே, அது நீங்கதான?" என்றார். உள்ளே அறையில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒரு சிரிப்பு என் மனைவியுடையது. அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாமல்தான் சம்மதம் சொன்னதாக இன்றுவரை சொல்கிறார்.

கோவிந்தன் வீட்டிலோ அந்த நாள் அவர்கள் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. யார் சாப்பிட உட்கார்ந்தாலும் கோமதி கரண்டியோடு வந்து கேட்கும் கேள்வி, "மோனோவா, ஸ்டீரியோவா?" மோனோ என்றால் ஒரு தோசை. ஸ்டீரியோ என்றால் இரண்டு. காரணம் தெரியாத விருந்தாளிகள் விழிப்பார்கள். அவர்களுக்குக் கதை முழுவதும் சொல்லப்படும், நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி. ஒவ்வொரு தடவையும் புகை இன்னும் கொஞ்சம் உயரமாகிறது. சமீபத்திய கணக்கில் பந்தலுக்கு மேலே ஒரு பனைமர உயரம் போயிருக்கிறது.

போன வைகாசியில் பலாப்பழம் சாப்பிட மலைக்குப் போயிருந்தோம். அவர்களுடைய மகளுக்கு ஏழு வயது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாக, "மாமா, உங்களுக்கு மோனோவா, ஸ்டீரியோவா?" என்று கேட்டாள்.

"மோனோ போதும்மா" என்றேன்.

அவள் ஒரே ஒரு சுளையை என் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "அம்மா! மாமா இப்ப கத்துக்கினாரும்மா!"